நிலம் உறைய முன்னம்

செப்டெம்பர் 13, சனி

இந்தக் கொப்பி ஆஸ்பத்திரியில் தந்தது. காலையும் மாலையும் இவருடைய பிரஷரை அளந்து எழுத வேண்டும்; நெஞ்சு நோ வந்தால் எப்போது, என்ன செய்யும்போது வந்தது என்றும் எழுத வேண்டும் என்று நேர்ஸ் சொன்னா. எழுதிய பிறகும் பக்கத்தில் நிறைய இடம் மிஞ்சுகிறது. மிஞ்சும் இடத்தில் நானும் எதையாவது எழுதலாம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு இப்படி இருந்து எழுதியதே இல்லை.

நேற்று இதய டொக்டரிடம் போனோம். மூன்று குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவாம். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும். முறை வரும்போது கூப்பிடுவார்கள், இரண்டு மாதம்கூடச் செல்லலாம். அதுவரை இவர் பாரம் தூக்கக் கூடாது, எதையும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது.

காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியவர் உள்ளே வராமல் முன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கோடையில் மழை இல்லை. வேரைப் புழுவும் தின்றுவிட்டது. நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்குப் புல் செத்து மஞ்சளாய்க் கிடக்கிறது.

"விதை போடுற காலம் இதுதான். இன்னும் ரெண்டு கிழமை பிந்தினால் குளிர் பிடிச்சிடும்," என்றார்.

"ஆர் போடுறது?"

"நீர்தான்."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

செப்டெம்பர் 20, சனி

காலை 144/88. நோ இல்லை.

இன்றைக்குப் புல்லில் துளை போட்டோம். அதற்கென்று ஒரு மிசின் வாடகைக்குக் கிடைக்கிறது. போகிற வழியெல்லாம் மண்ணை விரல் பருமனில் பிடுங்கித் துப்பிக்கொண்டு போகும். முடிந்த பிறகு பார்த்தால் ஆட்டு மந்தை ஒன்று புழுக்கை சிந்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்தத் துளைகளால்தான் காற்றும் தண்ணீரும் வேர்வரை இறங்குமாம்.

பக்கத்து வீட்டு டெல்றோய் தன்னுடைய வான் வண்டியில் மிசினைக் கொண்டுவந்து இறக்கினார். ஜமெய்க்காக்காரர், பென்சன் எடுத்தவர். "குகா, நீ இரு, நான் ஓட்டிவிடுகிறேன், கொஞ்ச நேர வேலை," என்றார். கார் விடுகிற டிரைவ்வேயில் கதிரை போட்டு இருந்த இவர் கையைக் காட்டித் தடுத்தார். அவவே செய்யட்டும் என்றார்.

மிசின் என்னை இழுத்துக்கொண்டு வேலிப் பக்கம் ஓடியது. டெல்றோய் மற்றப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. எனக்கு வெட்கமும் கோபமும்.

"இறுக்கிப் பிடியாதையும் யோகம்," என்று இவர் கதிரையிலிருந்து கத்தினார். "அது தன்ரை பாட்டிலை போகட்டும். திருப்பேக்கை மட்டும் பிடியைத் தூக்கும்."

முடித்து வந்து இவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். உள்ளங்கை இரண்டும் எரிந்தது.

"அந்த மனுசன் செய்யிறன் எண்டுதானே நிண்டவர். ஏன் என்னைப் போட்டு வதைக்கிறியள்?"

"வருசா வருசம் டெல்றோய் வருவாரே?"

"வருசா வருசம் ஏன் அவர் வாறார்? வாற வருசம் நீங்கள் செய்வியள்."

இவர் தேத்தண்ணி கேட்டார். எழும்பி உள்ளே போனேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

விதை போட்டேன். முழங்காலில் நின்று, உள்ளங்கையால் மண்ணோடு மண்ணாகத் தடவிவிட வேண்டும். ஆழமாய்ப் போகக் கூடாது, மேலே கிடந்தால் குருவி தின்றுவிடும்.

இந்த வீட்டை வாங்கும்வரை நாங்கள் மற்ற ஆட்களுடைய பேஸ்மன்றுகளில்தான் இருந்தோம். ஜன்னலால் பார்த்தால் போகிற வருகிற கால்கள் மட்டும் தெரியும். வாங்கியபோது வீட்டுக்கு முன்னால் வெறும் களிமண். இவர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, பாய் மாதிரிச் சுருட்டி வந்த புல்லை ஒவ்வொன்றாய் விரித்து, பொருத்துத் தெரியாமல் தட்டிவிட்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தார். மகள் நிருஜாவுக்கு அப்போது ஆறு வயது. "அப்பாவுக்குப் பைத்தியம்," என்று என்னிடம் ஓடி வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து வெளிவேலை எதையும் என்னைத் தொடவிட்டதில்லை. இந்த வருசம்தான் இப்படி.

செப்டெம்பர் 26, வெள்ளி

146/90. பேக்கரி வேலைக்குப் போக முதலும் வந்த பிறகும் தண்ணீர் விடுகிறேன். ஒன்றும் முளைக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

முளைத்துவிட்டது! நேராய் நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் பிறந்த பிள்ளையின் தலைமயிர் மாதிரிப் பச்சையாய் அரும்பி நிற்கிறது. இவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனியக் கூடாதென்று சொல்லச் சொல்லக் குனிந்தார்.

"நல்லாப் போட்டிருக்கிறீர்," என்றார். இந்த மனுசன் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை.

உடனேயே, "வாரும், கீழை ஒரு சாமான் காட்டவேணும்," என்று பேஸ்மன்றுக்கு இறங்கினார். படிக்குக் கீழே, முன்பக்கக் குழாய்க்குப் போகிற தண்ணீரைப் பூட்டுகிற சின்னத் திருகு ஒன்று இருக்கிறதாம். குளிருக்கு முன் அதைப் பூட்டிவிட்டு வெளிக்குழாயைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் உறைந்து பைப் வெடிக்குமாம். அது முடிய, வீட்டைச் சூடாக்குகிற மிசினின் காற்று வடிகட்டியை எங்கே மாற்றுவது, வீட்டு இன்சூரன்ஸ் கடதாசிகள் எந்த லாச்சியில், கார் ரயர் மாற்றுகிற இடத்துக்காரன் பேர் என்ன என்று வரிசையாய்த் தொடங்கினார்.

"அடுப்பிலை கறி கிடக்குது," என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

காலை 158/94. பகல் பதினொரு மணியளவில் நெஞ்சு நோ. நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்து இரண்டு தரம். எழுதச் சொன்னபடி எழுதுகிறேன்: ரக்கூனால் வந்தது.

இரவில் அந்த மிருகம் வந்து புழுத் தேடி, முளைத்த புல்லைப் பல இடத்தில் நகத்தால் கிளறி எறிந்திருக்கிறது. நான் வேலையில். இவர் கண்டுவிட்டு, வீட்டில் உடுத்த சாரத்தோடு வெளியே போய், பிய்ந்த புல்லைத் திரும்பத் திரும்பக் காலால் மிதித்துப் பொருத்தியிருக்கிறார். டெல்றோய் கண்டு, பிடித்து இருத்தி, எனக்குப் போன் எடுத்தார்.

ஓடி வந்து வாயில் வந்ததெல்லாம் சொல்லிக் கத்தினேன். ரோட்டில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். முகம் சாம்பல் நிறம்.

"நான் இல்லாட்டி இதை ஆர் பாக்கிறது?" என்றார்.

புல்லைத்தான் சொன்னார்.

அக்டோபர் 13, திங்கள்

நன்றி சொல்லும் நாள். பேக்கரி விடுமுறை. கல்கரியில் குடும்பமாய் இருக்கிற மகள் நிருஜா போன் எடுத்தாள். வழமையாய்ப் பிள்ளையை வீடியோவில் காட்டுவாள், இன்றைக்குக் காட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"அம்மா, அப்பா போன கிழமை எனக்கு எடுத்தவர். உங்களுக்கு அறை ஒண்டு எங்கடை வீட்டிலை ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கேக்கிறார்."

"ஏன், ஆப்பரேசன் முடிய ரெண்டு பேரும் வந்து நிக்கிறதுக்கோ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இல்லையம்மா. உங்களுக்கு மட்டும்."

வேலை இருக்கு, பேந்து எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு புல் வெட்டும் மிசினை எடுத்தேன். இளம் புல்லை இன்னும் ஒரு கிழமை தொடக் கூடாதென்று இவர் ஆயிரம் தரம் சொல்லியிருந்தார். அதன்மேலேயே ஓட்டினேன். இவர் ஜன்னலில் தட்டினார். கேளாத மாதிரி ஓட்டினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை 150/92. மாலை 150/90. வீட்டில் பேச்சு இல்லை.

அக்டோபர் 25, சனி

நான் மிசின் ஓட்டியும் இளம் புல் தப்பிவிட்டது. நாலைந்து இடத்தில் மட்டும் பிடுங்குப்பட்டிருக்கிறது.

டெல்றோய் வீட்டு மேப்பிள் மரம் இலை முழுவதையும் எங்கள் பக்கம்தான் கொட்டுகிறது. ஈர இலை மூடிக்கிடந்தால் ஸ்னோவுக்குக் கீழே புல்லில் பூஞ்சணம் பிடிக்கும். வாரி வாரிக் கடதாசிப் பைகளில் அடைத்தேன். குனிந்து குனிந்து நாரி விட்டுப்போச்சு. உள்ளே வந்தால் இவர் பேஸ்மன்றுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இண்டைக்கு அந்தத் திருகை ஒருக்காப் பூட்டித் திறந்து காட்டும். பேந்து நான் கேக்கமாட்டன்."

"எனக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"நீங்கள் இருக்கிறியள்தானே. குளிர் வரேக்கை நீங்கள் பூட்டுங்கோ."

"நான் அந்த நேரம் ஆஸ்பத்திரியிலை இருந்தால்?"

"வந்து பூட்டுங்கோ."

"நான் வராட்டி?"

"வராட்டி உறையட்டும்! வெடிக்கட்டும்! வீடு முழுக்கத் தண்ணி ஓடட்டும்! எனக்கு அந்தத் திருகும் வேண்டாம், கல்கரியிலை அறையும் வேண்டாம். எனக்கு ஒண்டும் தெரியாது. நான் பழகமாட்டன். நான் பழகினால்தானே நீங்கள்..."

மிச்சத்தைச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

இவர் கதவை மெல்லச் சாத்தினார். கதிரையில் இருந்து கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரி," என்றார். "சரியப்பா. விடும்." இரவுச் சாப்பாட்டுக்கு நானும் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கன நாளைக்குப் பிறகு.

அக்டோபர் 30, வியாழன்

ஆப்பரேசனுக்கு நாள் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நவம்பர் ஆறாம் திகதி, காலை.

குளிருக்கு முன் போடுகிற உரத்தை இன்றைக்குப் போட்டேன். பச்சையைக் கூட்டுகிற உரம் இல்லை இது, வேருக்குப் போகிறது. மேலே ஒரு மாற்றமும் தெரியாது என்று பையில் படித்தேன். இவரிடம் கேட்கவில்லை, நானே படித்தேன்.

நவம்பர் 5, புதன்

நிருஜா வந்துவிட்டாள். பிள்ளையைத் தகப்பனோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கடைசி முறையாய்ப் புல்லை வெட்டினேன். இந்த முறை கட்டையாய் வெட்ட வேண்டும். நீளமாய் விட்டால் ஸ்னோ பாரத்தில் சாய்ந்து அழுகும். இவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார். வரிசை மாறும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு குறையும் சொல்லவில்லை, தட்டவும் இல்லை. மிசின் பெட்ரோல் முடியும்வரை ஓடி, தானாய் நின்றது. அதன் பிறகு தெரு முழுவதும் சத்தமில்லாமல் இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

காலை 152/92. இதுதான் வீட்டில் கடைசியாய் அளந்தது.

ஆப்பரேசன் அறைக் கதவுக்குள்ளே கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். "கவனமாய் வையும், அதின்ரை ஒரு கால் லூசாய்க் கிடக்கு," என்றார். இவ்வளவுதான் பேசினது.

பின்னேரம் டொக்டர் வந்து நல்லபடி முடிந்தது என்றார். நிருஜா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். விளக்கு வைக்கிற நேரம் வேறொரு டொக்டர் வந்து, உள்ளே இரத்தம் கசிகிறது, திரும்பத் திறக்க வேண்டும் என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மிசின்தான் மூச்சு விடுகிறது.

நவம்பர் 8, சனி

அப்படியே.

நவம்பர் 9, ஞாயிறு

அப்படியேதான். கை குளிர்ந்து கிடக்கிறது. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் காத்திருக்கிற அறையில் ரிவி ஓடியது. இன்றிரவு நிலம் உறையும், மைனஸ் ஒன்பதுக்கு இறங்கும் என்று சொன்னார்கள். நான் எழும்பினேன்.

"எங்கையம்மா?"

"வீட்டை. தண்ணி பூட்டவேணும்."

"நான் போய்ப் பூட்டிப்போட்டு வாறன். எங்கையெண்டு சொல்லுங்கோ."

"உனக்கு விளங்காது."

என்னைக் காரில் கூட்டிவந்தாள். வாசலில் அவளை நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கீழே இறங்கினேன். எனக்கு அந்தத் திருகு எங்கே இருக்கிறதென்று தெரியும். எந்தப் பக்கம் திருக வேண்டுமென்றும் தெரியும். சண்டை பிடித்த அடுத்த நாள், இவர் நித்திரையாய் இருந்தபோது இறங்கிவந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். இவருக்குச் சொல்லவில்லை.

கையை வைத்தேன். திருக மனம் வரவில்லை. நான் செய்யமாட்டேன் என்று நின்றவரைக்கும் இவர் இருந்தார். இப்போது செய்தால், எனக்கு எல்லாம் தெரியும், இனி இவர் போகலாம் என்று ஆருக்கோ சொல்கிற மாதிரி இருந்தது. படியில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. மேலே நிருஜா, "அம்மா? அம்மா?" என்று கூப்பிட்டாள்.

பிறகு யோசித்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுசன் வீட்டுக்கு வந்தால், பைப் வெடித்து ஊறின நிலத்திலா கொண்டுவந்து படுக்க வைப்பது?

பூட்டினேன். வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு இருமல் மாதிரி வந்து, கொஞ்சம் ஓடி, சொட்டி, நின்றது.

இன்றைக்கு எழுதுகிறேன். எனக்குப் பயம். செப்டெம்பரிலிருந்தே பயம். இவர் செத்துப்போவார் என்று பயம்.

நவம்பர் 11, செவ்வாய்

கண் திறந்தார். என்னைப் பார்த்தார், நிருஜாவைப் பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தொண்டை அடைத்துக் கிடக்கிறது. முதலில் தண்ணீர் கேட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துப் பிடிக்க வேண்டும். நன்றாய் மெலிந்துவிட்டார். நிருஜா கைத்தாங்கலாய் வாசலில் இறக்கினாள். முன் புல் கட்டையாய், ஒரு இலைகூட இல்லாமல், பச்சையாய்க் கிடந்தது. இவர் அதைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"தண்ணி பூட்டியாச்சு," என்றேன்.

"ம்."

"உரமும் போட்டாச்சு."

"நல்லது," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்று நிருஜா போய்விட்டாள். இரவு முழுக்க ஸ்னோ கொட்டியது. டெல்றோய் டிரைவ்வேயில் கிடந்த ஸ்னோவைத் தள்ளிவிட்டுப் போனார். நான் ரோட்டோரம் கம்புகள் குத்திவிட்டேன், நகரசபையின் ஸ்னோ வண்டி புல்லில் ஏறாமல் இருக்க.

இவர் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறார். ரிவி போட்டால் பார்க்கிறார், நிற்பாட்டினால் நிற்பாட்டின ரிவியைப் பார்க்கிறார். பைபாஸ் செய்த ஆட்களுக்கு மனம் இப்படி விழுவது உண்டு, நாளாகச் சரிவரும் என்று நேர்ஸ் சொன்னா. இன்றைக்கு நான் சப்பாத்தில் ஸ்னோவைத் தட்டிக்கொண்டு உள்ளே வர, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நான் இல்லாமலே எல்லாம் நடக்குது."

எனக்குக் கோபம் வந்தது. குளிர் உடுப்பைக் கழற்றிக் கொளுவிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன்.

டிசெம்பர் 7, ஞாயிறு

132/80. நோ இல்லை.

ஒரு கிழமையாய் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இடியப்பம் அவித்து இறக்கியபிறகு, குசினி வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"எழும்பி வாங்கோ. சொதி வைக்கவேணும்."

"வையுமன்."

"நான் இல்லை. நீங்கள்."

இவர் என்னைப் பார்த்தார். கலியாணம் கட்டி இவ்வளவு வருசத்தில் இந்த மனுசன் தண்ணீர் கொதிக்க வைத்ததைக்கூட நான் கண்டதில்லை.

"எனக்கேன் உது?"

"எனக்கேன் மண்ணிலை துளை போடுற மிசின்?"

கதிரைக் கைப்பிடியை ஊன்றி எழும்பி, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"நீர் எங்கை போப்போறீர்?" என்றார்.

"ஒரிடமும் போகேல்லை. நீங்களும் போகேல்லைத்தானே."

வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் சட்டியில் போட வைத்தேன். முதலில் தேங்காயின் தண்ணிப் பால். அவிந்த பிறகு கட்டிப் பால். "இனிக் கரண்டியை வெளியிலை எடுக்கக் கூடாது. துழாவிக்கொண்டு நில்லுங்கோ. கொதிக்க விடாதேங்கோ, நுரை கூடி வரேக்கை இறக்கிப்போடவேணும்."

"கொதிச்சால்?"

"திரைஞ்சிடும்."

துழாவிக்கொண்டு நின்றார். ஆவி பட்டு மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதைத் துடைக்கவும் பயம், கரண்டியை விடவும் பயம். நான் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டேன். போட்டுவிடும்போது சொன்னார், என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"எனக்கு நல்லாப் பயமாய் இருந்தது யோகம்."

"எனக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ கல்கரிக்கு அனுப்பப் பாத்தனீங்கள்?"

சிரித்தார். சிரிக்க நெஞ்சு நொந்தது. "சிரிக்கப்பண்ணாதையும், சிரிக்கப்பண்ணாதையும்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுப்பை ஒருவரும் பார்க்கவில்லை. சொதி பொங்கிக் கொதித்து, பால் வேறு தண்ணீர் வேறாய்த் திரைந்துபோய்விட்டது.

அதையே ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டோம். இவர் இடியப்பம் இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு இன்றைக்குத்தான் கேட்டுச் சாப்பிட்டது.

"நாளைக்கும் நான்தான் வைக்கிறன்," என்றார் கை கழுவிக்கொண்டு. "நீர் கிட்ட வரவேண்டாம்."

கிட்டத்தான் நிப்பன் என்று சொன்னேன்.